பதினெட்டுக்குப் பிறகும் ஒரு வீடு

(கலிஃபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பேச்சு பிள்ளைகளைப் பற்றியது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைப் பற்றியது. பள்ளி விட்டதும் அவர்கள் போய்ச் சேரும் வீட்டில் பெற்ற தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வீட்டில் கொடுமை நடந்தது, அல்லது கவனிப்பார் இல்லை என்று நீதிமன்றம் தலையிட்டு, அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். இந்த நாட்டில் அந்த ஏற்பாட்டுக்கு ஃபாஸ்டர் கேர் என்று பெயர். தத்து எடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தத்து என்றால் பிள்ளை நிரந்தரமாக அந்தக் குடும்பத்தின் பிள்ளை. ஃபாஸ்டர் கேர் என்றால், சொந்த வீடு சீராகும் வரை, அல்லது வேறொரு நிரந்தர ஏற்பாடு அமையும் வரை இன்னொரு குடும்பத்தில் தங்குவது. சிலருக்கு அந்தத் தங்கல் சில மாதங்களில் முடிகிறது. சிலருக்கு முடிவதே இல்லை. வீடு மாறி, ஊர் மாறி, பள்ளி மாறி, 16 வயது வந்துவிடுகிறது, 17 வந்துவிடுகிறது.

அந்த வயதை எட்டியவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, வழக்கமான பள்ளிப் படிப்பு கைவிட்டுப் போனால் வேறு வழியில் எப்படிப் படித்து முடிப்பது? இரண்டு, 18 வயது நிறைந்த பிறகும் ஃபாஸ்டர் கேரில் நீடிக்கத் தகுதி உண்டா? கேட்கும்போது இரண்டும் வேறு வேறு அலுவலகங்களின் கவலை போலத் தோன்றும். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள். படிப்பு விட்டுப்போனால் வீடும் விட்டுப்போகும் நிலை வரலாம். படிப்புக்கு ஒரு மாற்று வழி கிடைத்தால் வீடும் நிலைக்கும். இந்தத் தொடர்பை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? அந்தக் கேள்வியை அரங்கின் முன் வைப்பதற்கே இந்த உரை.

முன்பு எப்படி இருந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

நெடுங்காலம், இந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் 18ஆம் பிறந்தநாள்தான் ஃபாஸ்டர் கேரின் கடைசி நாள். பள்ளியை முடிக்கும் தறுவாயில் இருந்தால் சில மாநிலங்கள் 19 வரை பொறுத்தன. அதற்கு மேல் இல்லை. பெட்டி வாங்கித் தர ஆளில்லாமல் கறுப்புக் குப்பைப் பையில் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு வெளியேறிய பிள்ளைகளின் கதை இங்கே ஒன்று இரண்டல்ல. அந்தக் குப்பைப் பை, அமெரிக்க ஃபாஸ்டர் கேரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆன்ட்வோன் ஃபிஷரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் ஒஹாயோவில், தாய் சிறையில் இருந்தபோது பிறந்தவர். கிளீவ்லாந்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தார். பதின்வயதில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பென்சில்வேனியாவில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் படித்தார். பராமரிப்புக் காலம் முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது தெரு. கிளீவ்லாந்தில் வீடில்லாமல் அலைந்தார். கடற்படை அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகே படுக்கையும் மூன்று வேளைச் சோறும் நிலையாயின. 11 ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு சோனி பிக்சர்ஸ் ஸ்டூடியோவில் காவலாளியாக வேலை பார்த்துக்கொண்டே தன் கதையைத் திரைக்கதையாக எழுதினார். 2002இல் டென்ஸல் வாஷிங்டன் அதைப் படமாக இயக்கினார்.

இந்தக் கதையைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 18 வயதில் அவருக்கு ஓர் அறையும் மாதச் செலவுக்குப் பணமும் ஒரு கல்லூரி விண்ணப்பமும் கிடைத்திருந்தால், தெருவில் கழிந்த அந்த இரவுகள் தேவைப்பட்டிருக்குமா? கடற்படைக்குப் போக முடியாத உடல்வாகு கொண்ட பிள்ளையின் கதி என்ன? எல்லோரும் ஃபிஷர் ஆக முடியாது. எல்லோரையும் ஃபிஷர் ஆகச் சொல்வதும் நியாயமில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மார்க் கோர்ட்னி என்னும் ஆய்வாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையத்திலிருந்து, 2002இல் தொடங்கி, இல்லினாய், விஸ்கான்சின், அயோவா ஆகிய மூன்று பக்கத்து மாநிலங்களின் ஃபாஸ்டர் கேர் பிள்ளைகள் 700க்கும் மேற்பட்டவர்களை அவரும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 17 வயதில் பேசினார்கள், 19இல் பேசினார்கள், 21இல், 23-24இல், கடைசியாக 26இல்.

அந்த மூன்று மாநிலங்களுக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. இல்லினாயில் 21 வயது வரை பராமரிப்பில் இருக்கலாம். மற்ற இரண்டிலும் 18 ஒட்டி வெளியே போயாக வேண்டும். பிள்ளைகளின் பின்னணி ஏறத்தாழ ஒன்றுதான். பட்ட துன்பமும் ஒன்றுதான். ஆனால் கூடுதலாகச் சில ஆண்டுகள் ஒரு கூரை கிடைத்த இல்லினாய்ப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்த விகிதம் தெளிவாகக் கூடியிருந்தது. இந்த ஆய்வு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது.

2008 அக்டோபரில், ஜார்ஜ் புஷ் அதிபராக இருந்தபோது, ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 18 தாண்டிய பிள்ளைகளை 19, 20, அல்லது 21 வரை ஃபாஸ்டர் கேரில் வைத்திருக்க விரும்பும் மாநிலத்துக்கு மத்திய அரசு செலவில் பங்கு தரும் என்றது அந்தச் சட்டம். மாநிலங்களை அது கட்டாயப்படுத்தவில்லை, விருப்பத்துக்கு விட்டது. கலிஃபோர்னியா முன்வந்தது. ஜிம் பீலும், பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் மேயரான கேரன் பாஸும் கொண்டுவந்த ஏ.பி. 12 என்னும் மசோதாவில் 2010 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்டார். 2012 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

சரி, யாருக்குத் தகுதி? இந்த இடத்தைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். உங்கள் பக்கத்து வீட்டில், உங்கள் பிள்ளையின் வகுப்பில் இப்படி ஒருவர் இருந்தால், இந்தச் சில வரிகள் அவருடைய மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கலாம்.

18ஆம் பிறந்தநாளன்று அந்தப் பிள்ளை நீதிமன்ற ஆணையின் கீழ் ஃபாஸ்டர் கேரில் இருந்திருக்க வேண்டும். அது முதல் படி. அதற்குப் பிறகு ஐந்து நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையோ அதற்கு இணையான சான்றிதழுக்கான படிப்பையோ முடித்துக்கொண்டிருக்கலாம். கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்திருக்கலாம். வேலைக்குத் தயார்படுத்தும், வேலைக்கான தடைகளை நீக்கும் ஏதாவது ஒரு திட்டத்தில் பங்கேற்கலாம். மாதம் 80 மணி நேரமாவது வேலை பார்க்கலாம். இவை எதையும் செய்ய முடியாதபடி உடல்நலமோ மனநலமோ தடுத்தால், அதுவே ஐந்தாவது தகுதி.

ஐந்தும் வேண்டாம். ஒன்று போதும். ஒன்று தவறினால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். கடையில் வேலை போய்விட்டதா? வேலை தேடும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் தகுதி தொடரும். கல்லூரியில் ஒரு பருவம் தடுமாறிவிட்டதா? 80 மணி நேர வேலை கைகொடுக்கும். இதை எழுதியவர்களுக்கு 18 வயதுப் பிள்ளையின் மனம் தெரிந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. “எனக்கு யார் தயவும் வேண்டாம், நான் போகிறேன்” என்று 18இல் கதவைச் சாத்திவிட்டுப் போன பிள்ளை, 19இல் பசித்துத் திரும்பி வந்தால், கலிஃபோர்னியாவில் 21 வயதுக்குள் மறுபடி சேர்ந்துகொள்ள உரிமை உண்டு. கோபித்துக்கொண்டு போன பிள்ளைக்குத் திரும்பி வரும் கதவைத் திறந்து வைப்பது எந்த நல்ல வீட்டிலும் நடப்பதுதானே?

நீடிப்பவர்கள் வளர்ப்புக் குடும்பத்தோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரி விடுதியிலோ, வாடகை அறையிலோ, நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டிலோ, சமூகப் பணியாளரின் ஒப்புதலோடு தங்கலாம். அப்போது பராமரிப்புத் தொகை நேரே அந்த இளைஞரின் கைக்கே வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றம் நிலைமையைப் பார்க்கும்.

ஆனால் முதல் படியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 17 வயதும் பத்து மாதமும் ஆன பிள்ளையை, ‘வீடு சரியாகிவிட்டது’ என்று பெற்றோரிடம் திருப்பி அனுப்பி வழக்கை முடித்துவிட்டால், 18ஆம் பிறந்தநாளன்று ஆணை இருக்காது. ஆணை இல்லையென்றால் பொதுவாக நீட்டிப்பும் இல்லை. மூன்று மாதம் கழித்து அந்த வீடு மறுபடி உடைந்தால் அந்தப் பிள்ளை எங்கே போவது? வழக்கை முடிக்கும் முன்பு இதைக் கேட்க அந்தப் பிள்ளையின் வழக்கறிஞருக்குக் கடமை உண்டு. கேட்கிறாரா என்று பார்க்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

இனிப் படிப்புக்கு வருவோம். நீட்டிப்பின் முதல் நிபந்தனையே படிப்பு என்று பார்த்தோம். அந்தப் படிப்புதான் இந்தப் பிள்ளைகளிடம் முதலில் உடைகிறது.

ஏன் உடைகிறது? அறிவு குறைந்தா? இல்லை. நம் பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறினாலே நாம் எத்தனை கவலைப்படுகிறோம்! கோடை விடுமுறையில்தான் மாற்றுவோம். பாடத்திட்டம் ஒத்துப்போகுமா என்று நாலு பேரிடம் கேட்போம். இந்தப் பிள்ளைகளுக்கு வீடு மாறுவது அக்டோபரில் நடக்கும், பிப்ரவரியில் நடக்கும், தேர்வுக்கு முந்தைய வாரம் நடக்கும். ஒரு பெண்ணைக் கற்பனையாக எண்ணிப் பாருங்கள். ஃபிரெஸ்னோவில் ஒன்பதாம் வகுப்பு, பேக்கர்ஸ்ஃபீல்டில் பத்தாம் வகுப்பின் பாதி, சாக்ரமென்டோவில் மீதி. ஒவ்வொரு பள்ளியிலும் பருவம் முடியும் முன்பே கிளம்பிவிட்டதால், உட்கார்ந்து படித்த அல்ஜீப்ராவுக்குக்கூட கிரெடிட், அதாவது பாடம் முடித்ததற்கான புள்ளி, ஏறவில்லை. 17 வயதில் அவள் பதிவேட்டைத் திறந்தால் பத்தாம் வகுப்பு மாணவியின் கிரெடிட்தான் இருக்கும். அவள் சோம்பேறி என்று அந்தத் தாள் சொல்லும். அவள் மூன்று முறை அதே பாடத்தின் முதல் பாதியைப் படித்தவள் என்பதைத் தாள் சொல்லாது.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2004 முதல் நடைமுறையில் இருக்கும் கலிஃபோர்னியாச் சட்டம் ஒன்று, வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையைத் தருகிறது. புதிய பள்ளிக்கு மாற நேர்ந்தால், சான்றிதழ்களும் தடுப்பூசித் தாள்களும் வந்து சேரவில்லை என்று காரணம் காட்டாமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்ற பாடத்துக்கும் படித்த அளவுக்குப் பகுதிக் கிரெடிட் தர வேண்டும். 2015இல் வந்த மத்தியக் கல்விச் சட்டம் பள்ளி மாறாதிருக்கும் உரிமையை நாடு முழுதும் விரித்தது.

இன்னொன்று, நம்மில் பலர் கேள்விப்பட்டிராதது. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு பள்ளி மாறிய ஃபாஸ்டர் பிள்ளை, அந்தப் பள்ளி மாவட்டம் கேட்கும் கூடுதல் பாடங்களை உரிய காலத்தில் முடிக்க முடியாது என்றால், மாநிலம் கேட்கும் குறைந்தபட்சப் பாடங்களை மட்டும் முடித்து, டிப்ளமா எனப்படும் பள்ளி நிறைவுச் சான்றிதழை வாங்கலாம். மாவட்டங்கள் பலவும் 220 கிரெடிட் அளவில் கேட்கின்றன. மாநிலத்தின் குறைந்தபட்சம் 13 பாடங்கள், ஏறத்தாழ 130 கிரெடிட். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பிள்ளையின் வாழ்க்கையின் அகலம்! பள்ளி மாறிய 30 நாளுக்குள் இந்த உரிமையை அந்தப் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டியது மாவட்டத்தின் கடமை. அல்லது அவசரப்படாமல் ஐந்தாம் ஆண்டு இருந்து முழுப் பாடங்களையும் முடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குறைந்தபட்ச டிப்ளமா, யூ.சி., கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஏ-ஜி பாட வரிசையை நிறைவு செய்யாது. ஏ-ஜி என்றால் என்ன என்று இந்த அரங்கில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே அட்டவணை போட்டு வைத்திருப்பவர்கள் நீங்கள். அந்த அட்டவணை போடும் ஆள்தான் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் ஐந்தாம் ஆண்டு நல்லது. அல்லது கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போய்ச் சேரலாம்.

வழக்கமான பள்ளியே ஒத்துவரவில்லை என்றால்? அதற்கும் வழிகள் உண்டு. 16 வயது நிறைந்தவர்களுக்கு, வேலை பார்த்துக்கொண்டே கிரெடிட் சேர்க்க கன்டின்யுவேஷன் பள்ளிகள் இருக்கின்றன. வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பு. வீட்டிலிருந்து படித்து வாரந்தோறும் ஆசிரியரைப் பார்க்கும் இன்டிபென்டன்ட் ஸ்டடி உண்டு. 18 தாண்டியவர்களுக்கு அடல்ட் ஸ்கூல் உண்டு. சான் டியேகோ மாவட்டத்தில் 2001இல் தொடங்கிய சான் பாஸ்குவால் அகாடமி போல, ஃபாஸ்டர் பதின்வயதினருக்காகவே தங்குமிடமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைத்த முயற்சியும் நடந்திருக்கிறது.

பள்ளிக்கு வெளியே தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஜி.இ.டி. தேர்வு 1942இல் போர்வீரர்களுக்காகத் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்டுப் போருக்குப் போனவர்கள் திரும்பி வந்து மீண்டும் பள்ளிப் பெஞ்சில் உட்கார முடியுமா? அவர்களுக்காக வந்தது. இன்று கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என நான்கு தாள்; ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. கலிஃபோர்னியாவில் ஹைசெட் என்னும் இன்னொரு தேர்வும் ஏற்கப்படுகிறது. இரண்டும் பொதுவாக 18 வயதுக்காரர்களுக்கு. 16 வயதிலேயே எழுதக்கூடிய மாநிலத் தகுதித் தேர்வு ஒன்றும் உண்டு. அதில் தேறியவரின் சான்றிதழ் மாநிலச் சட்டப்படி டிப்ளமாவுக்குச் சமம்.

இவற்றில் எது நல்லது? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விடை சொல்வது தவறு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் ஜி.இ.டி. பெற்றவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சான்றிதழோடு நின்றுவிட்டவர்களின் வருமானம், டிப்ளமா பெற்றவர்களின் வருமானத்தை எட்டவில்லை என்றும், பள்ளியை விட்டு நின்றவர்களின் வருமானத்தை ஒட்டியே இருந்தது என்றும் கண்டார். ஆகவே 16 வயதுப் பிள்ளையைப் பார்த்து, “உனக்குப் பள்ளி சரிப்படாது, ஜி.இ.டி. எழுதிவிடு” என்று ஒரு பள்ளியோ இல்லமோ சொன்னால், அது அந்தப் பிள்ளையின் நன்மைக்கா, தங்கள் தொல்லை தீர்வதற்கா என்று நாம் கேட்க வேண்டும். அதே சமயம் 19 வயதாகி, நூறு கிரெடிட் பாக்கி வைத்திருக்கும் இளைஞருக்கு அந்தத் தேர்வு மெய்யான வாசல். நிபந்தனை ஒன்றுதான்: அந்த வாசலைத் தாண்டி அடுத்த அறைக்குள் போக வேண்டும்.

ஃபாஸ்டர் கேர் நீட்டிப்பிலும் அதே நிபந்தனைதான். ஜி.இ.டி.க்குப் படித்துக்கொண்டிருக்கும் வரை முதல் தகுதி செல்லும். தேறிய நாளில் அந்தத் தகுதி முடிந்துவிடும். முடிவு வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கையோ தொழிற்பயிற்சியோ வேலையோ தயாராக இருக்க வேண்டும். தேர்வில் வென்ற மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டால் வெற்றியே சிக்கலாகும். அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

கைத்தொழிலில் நாட்டமுள்ளவர்களுக்கு 1964இல் தொடங்கிய ஜாப் கோர் இருக்கிறது. 16 முதல் 24 வயது வரை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். 2025இல் அரசு அதன் மையங்களை நிறுத்தி வைக்க முனைந்து விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதால், சேரும் முன் அந்த மையம் இயங்குகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. டோரதி ஸ்டோன்மன் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் தொடங்கிய யூத்பில்ட் திட்டத்தில், ஒரு பக்கம் ஜி.இ.டி. வகுப்பு, மறுபக்கம் வசதியற்றவர்களுக்கு வீடு கட்டும் வேலை. சொந்த வீடு இல்லாத பிள்ளை பிறருக்கு வீடு கட்டிக் கற்றுக்கொள்கிறது, கூடவே படிக்கிறது.

கம்யூனிட்டி காலேஜைப் பற்றி ஒரு சொல். 18 வயது ஆனவரை, டிப்ளமா இல்லாவிட்டாலும், படிப்பால் பயன் பெறக்கூடியவர் என்று கண்டால் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மத்திய உதவித்தொகைக்குப் பெரும்பாலும் டிப்ளமாவோ இணைச் சான்றிதழோ தேவைப்படும். அது இருந்தால் கதவுகள் பல திறக்கும். 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது ஃபாஸ்டர் கேரில் இருந்த மாணவரை உதவித்தொகைப் படிவம் தனித்து நிற்பவராகக் கொள்கிறது; பெற்றோரின் வருமானத்தைக் கேட்காது. ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தரும் கல்வி வவுச்சர் உண்டு. 26 வயது வரை, மொத்தம் ஐந்து ஆண்டுக்குப் பெறலாம். 18 வயதில் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், 26 வரை மெடி-கால் மருத்துவக் காப்பீடு உண்டு. கால் ஸ்டேட் ஃபுல்லர்டனில் 1998இல் தொடங்கிய கார்டியன் ஸ்காலர்ஸ் திட்டம் இன்று பல வளாகங்களில் பரவியிருக்கிறது. மிச்சிகனில், தானும் ஃபாஸ்டர் கேரில் வளர்ந்த பேராசிரியர் ஜான் சீட்டாவின் பெயரில் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2008இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விடுமுறையில் விடுதி மூடினால் போக வீடில்லாத மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதை இத்தகைய திட்டங்கள்தான் பல்கலைக்கழகங்களுக்கு உணர்த்தின.

இத்தனை இருந்தும் குறை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. கோர்ட்னியின் மூன்று மாநில ஆய்வில், 26 வயதில் இரண்டாண்டு அல்லது நான்காண்டுப் பட்டம் பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். அதே வயதில் நாட்டின் பொது நிலை 46 விழுக்காடு. நீட்டிப்பு கல்லூரி வாசல் வரை கொண்டுவிடுகிறது. பட்டம் வரை கொண்டுபோவதில் இன்னும் தடுமாறுகிறது. இந்த அரங்கில் எத்தனை வீடுகளில் 21 வயதுப் பிள்ளை பெற்றோர் செலவில் படித்துக்கொண்டிருக்கிறது? அந்தப் பிள்ளையை 21ஆம் பிறந்தநாளன்று வெளியே போகச் சொல்வோமா? பட்டம் வாங்க 22, 23 ஆகும் பிள்ளைக்கு 18இலோ 21இலோ கூரையை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த 8 விழுக்காடு சொல்கிறது. வயது வரம்பு படிப்பு முடியும் காலத்தை ஒட்டி உயர வேண்டும். டெக்சாஸில், உயர்நிலைப் பள்ளியை முடித்துக்கொண்டிருப்பவருக்கு 22ஆம் பிறந்தநாள் வரை நீட்டிப்பு இருக்கிறது. பள்ளிக்குச் செய்ததைக் கல்லூரிக்கும் செய்யலாம்.

ஊரில் எப்படி என்று சிலர் நினைப்பீர்கள். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், இல்லங்களிலிருந்து 18இல் வெளியேறுகிறவர்களுக்கு 21 வரை பின்காப்பு உதவி உண்டு என்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதை 23 வரை நீட்டிக்கவும் இடம் இருக்கிறது. விட்டுப்போன பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக முடிக்கலாம். ஊரில் இல்லங்களுக்கு நன்கொடை அனுப்புகிறவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை அனுப்பும்போது, “18 முடிந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.

இங்கே நாம் செய்யக்கூடியது என்ன? பணம் மட்டும் கேட்க இந்த உரை வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பற்றாக்குறை, படிவத்தைப் படித்துச் சொல்லும் பெரியவர்கள். தமிழ்க் குடும்பங்களில் அதற்குப் பஞ்சமில்லை. கிரெடிட் கணக்குப் போடத் தெரியும். பள்ளிக் கவுன்சிலரிடம் நேரம் கேட்டுப் போய் உட்காரத் தெரியும். உதவித்தொகைப் படிவத்தை இரவு பதினொரு மணிக்கு நிரப்பத் தெரியும். சொந்தப் பிள்ளைக்குச் செய்ததை இன்னொரு பிள்ளைக்கும் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன.

பெற்றோரின் கல்வி உரிமையை நீதிமன்றம் கட்டுப்படுத்திய பிள்ளைக்கு, கல்வி முடிவுகளை எடுக்கும் பொறுப்பாளராக வேறொருவரை நீதிபதி நியமிக்கலாம். 18 வயது வரை அந்தப் பிள்ளையின் பள்ளிக் கூட்டங்களுக்குப் போவதும், பகுதிக் கிரெடிட் ஏறியதா என்று பார்ப்பதும், குறைந்தபட்ச டிப்ளமாவா ஐந்தாம் ஆண்டா என்று பிள்ளையோடு பேசி முடிவெடுப்பதும் அவர் வேலை. உங்களில் ஒரு பொறியாளருக்கும் ஓர் ஆசிரியைக்கும் இது இயல்பாக வரும் பணி.

இரண்டாவது, காஸா என்னும் நீதிமன்றத் தொண்டர் பணி. 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சோகப் தொடங்கியது. 30 மணி நேர அளவுக்குப் பயிற்சி தருகிறார்கள். நீதிபதி முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். பிறகு ஒரு பிள்ளையைத் தொடர்ந்து சந்தித்து, அதன் நலனை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் மாறலாம், சமூகப் பணியாளர் மாறலாம், வீடு மாறலாம். மாறாத ஒரு முகமாக நீங்கள் இருப்பீர்கள்.

மூன்றாவது, வீட்டையே திறப்பது. கலிஃபோர்னியாவில் 2017 முதல் எல்லா மாவட்டங்களிலும் ரிசோர்ஸ் ஃபேமிலி என்னும் ஒரே ஒப்புதல் முறை இருக்கிறது. மணமானவரும் தனியாக வாழ்பவரும், சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். கைரேகைச் சோதனை, வீட்டுச் சோதனை, முன்பயிற்சி ஆகியவை உண்டு. கைக்குழந்தையைத் தர மாட்டார்களா என்று கேட்டு வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். 16 வயதுப் பையனைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. அவனுக்குத் தேவைப்படுவது ஓர் அறை, மேசை ஒன்று, இரவு உணவின்போது “இன்று வகுப்பு எப்படி?” என்று கேட்கும் ஒரு குரல்.

அரங்கை விட்டுப் போகும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலத் துறையின் எண்ணைத் தேடி எடுங்கள். இந்த மூன்றில் எது உங்களால் முடியும் என்று இன்றிரவு வீட்டில் பேசுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்த எண்ணை அழைத்து, 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேளுங்கள்.